'ஷோ' என்பது எப்போதும் 'காட்டு' அல்ல

ஆங்கில 'ஷோ'வை அறியாதவர் இல்லை. தடுமாறாமல் ஆள்பவர் குறைவு. நம் 'காட்டு'தான் காலை வாரிவிடுகிறது.

முதல் படி, வடிவங்கள். ஷோ, ஷோடு, ஷோன். 'நேற்று காட்டினேன்' என்றால் ஷோடு. 'ஹேவ்', 'ஹேஸ்' முன்னால் நின்றால் ஷோன். இதை மனப்பாடம் செய்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது படியில்தான் பலர் விழுகிறார்கள். 'எனக்கு' என்பதில் இருக்கும் 'கு'வைப் பார்த்ததும் மனம் 'டு'வைத் தேடுகிறது. 'ஷோ டு மீ த டிக்கெட்' என்று சொல்லிவிடுகிறோம். அது தவறு. ஆள் முதலில் வந்தால் 'டு' கூடாது: 'ஷோ மீ த டிக்கெட்'. பொருள் முதலில் வந்தால் 'டு' கட்டாயம்: 'ஷோ த டிக்கெட் டு மீ'.

மூன்றாவது படி, வழிகாட்டுதல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விருந்தாளி ஒருவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, மேலாளரிடம் 'ஐ ஷோடு ஹிம் த டோர்' என்றேன். அவர் முகம் வெளுத்தது. 'வெளியே போ என்று துரத்திவிட்டேன்' என்பதுதான் அதற்குப் பொருள். நான் சொல்லியிருக்க வேண்டியது 'ஐ ஷோடு ஹிம் டு த டோர்'. ஒரு 'டு'வில் மரியாதையே இருந்தது.

நான்காவது படி, காட்டுபவர் இல்லாத 'ஷோ'. சட்டையில் கறை தெரிகிறது என்பதற்கு 'த ஸ்டெய்ன் ஷோஸ்' போதும். இங்கே அது நம் 'தெரி'. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் 'பார்' என்றே பொருள். அதன் ஜெர்மன் உறவான 'ஷாவன்' இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் 'உண்' என்பதை 'ஊட்டு' ஆக்கியதுபோல் 'காண்' என்பதைக் 'காட்டு' ஆக்கினோம். அவர்களோ அதே சொல்லின் பொருளைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

'ஷோ அப்' என்றால் வந்து சேர்வது, 'ஷோ ஆஃப்' என்றால் பகட்டுவது. இவை பழகப் பழக வந்துவிடும்.

கடைசிப் படி, 'ஷோ'வை எங்கே தொடக்கூடாது என்பது. டாக்டரிடம் காட்டினேன் என்பதற்கு 'ஐ சா எ டாக்டர்'; காட்டியதை விட்டுவிட்டுப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கை காட்டி ஆட்டோவை நிறுத்தினால் 'ஃபிளாக் டவுன்'. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால் 'ஐ வாட்டர்டு த கவ்'. 'ஷோடு' என்றால் மாடு வாளியை வேடிக்கை மட்டும் பார்த்திருக்கும்.