லடாக் மலைநடைக்கு எந்த அடுப்பு?

கேஸ் குப்பியை விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. லே நகரில்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது உள்ளே என்ன வாயு என்று பாருங்கள். வெறும் பியூட்டேன் என்றால் பூஜ்ய டிகிரிக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும், விடியற்காலைத் தேநீரை மறந்துவிடலாம். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது நல்லது.

அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 8 முதல் 10 கிராம் வாயு பிடிக்கும். காற்றடித்தால் இன்னும் கூடும். நாளுக்கு மூன்று முறை அடுப்பு மூட்டினால் 230 கிராம் குப்பி ஒருவருக்கு ஒரு வாரம் வரும்.

4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாது. அவலும் ரவையும் எடுத்துப்போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நடப்பதானால் மண்ணெண்ணெய் அடுப்பே என் தேர்வு: கனம்தான், கரியும் பிடிக்கும், ஆனால் குளிரில் கைவிடாது.