பருவமழை முன்னறிவிப்பை எப்படிப் படிக்கக் கூடாது

வடகிழக்குப் பருவமழைக்கான முன்னறிவிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வெளியிடும். மறுநாளே அது 'இந்த வருஷம் மழை அதிகமாம்' என்று ஒரு வரியாகச் சுருங்கி டீக்கடை வரை வந்துவிடும். தாளடி நெல்லுக்கு எந்த ரகம், மானாவாரியில் மக்காச்சோளமா உளுந்தா என்பதையெல்லாம் அந்த ஒரு வரியை நம்பி முடிவு செய்வதில்தான் சிக்கல்.

அந்த அறிக்கை மூன்று வாய்ப்புகளைச் சொல்கிறது: இயல்பைவிடக் குறைவு, இயல்பு, இயல்பைவிட அதிகம். எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 33 சதவீதம். அதிகத்துக்கு 45, இயல்புக்கு 35, குறைவுக்கு 20 என்று வந்தால் செய்தித் தலைப்பு 'கூடுதல் மழை' என்றுதான் இருக்கும். ஆனால் மழை குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு இருப்பதாகவும் அதே கணக்கு சொல்கிறது. கடன் வாங்கிச் சாகுபடி செய்பவர் பார்க்க வேண்டியது அந்த 20-ஐத்தான். மழை நல்லா இருக்குமாம் என்று பயிர்க் காப்பீட்டை விடுவது சரியான கணக்கே இல்லை. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான்.

வரைபடத்திலும் இதே குழப்பம். கரும்நீலம் என்றால் கொட்டித் தீர்க்கும் என்று படிக்கிறார்கள். அந்த நிறம் காட்டுவது மழையின் அளவை அல்ல, வாய்ப்பின் அளவை.

அடுத்தது பரப்பு. தலைப்புச் செய்தியாகும் சதவீதம் தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தெற்கு உள் கர்நாடகம் ஆகிய ஐந்தும் சேர்ந்த தென் தீபகற்பத்துக்கு உரியது. சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் அதற்குப் பெயர் 'இயல்பு'. நாகப்பட்டினத்துக்கும் தருமபுரிக்கும் தனித்தனியாக அது எதுவும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய தவறு, மொத்த மழையை நல்ல மழை என்று எடுத்துக்கொள்வது. 2023-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை மொத்தத்தில் ஏறக்குறைய இயல்பு. அதே பருவத்தில்தான் டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. பருவக் கணக்கில் அது 'இயல்பு', தாமிரபரணிக் கரை வயல்களுக்கு அது வெள்ளம். எந்த வாரம் பெய்யும், பூக்கும் நேரத்தில் எத்தனை நாள் காயும் என்பதெல்லாம் மூன்று மாத முன்னறிவிப்பில் கிடைக்காது.

எல் நினோ (பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது) என்ற பெயரைக் கேட்டதும் பயப்படுவதும் அப்படித்தான். அது பொதுவாகத் தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும்; நமக்கு வடகிழக்கில் பெரும்பாலும் கூட்டவே செய்யும். 2015 வெள்ளம் எல் நினோ ஆண்டில் வந்ததுதான். சரி, அப்படியென்றால் அதற்கு நேர்மாறாக அந்தக் கடல் குளிரும் லா நினா வந்தால் வறட்சியா? 2021 லா நினா ஆண்டு. தமிழ்நாட்டில் மழை இயல்பைவிட வெகுவாகக் கூடியது. லேசான லா நினா இருந்த 2016-இலோ பாதிகூடப் பெய்யவில்லை. ஒற்றைக் காரணத்தை வைத்துச் சொல்லும் ஜோசியத்தை நம்பாதீர்கள்.

டெல்டாக்காரர்கள் தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கான கணிப்பைப் பார்த்து மேட்டூரைக் கணக்குப் போடுவதும் உண்டு. அணைக்குத் தண்ணீர் வருவது குடகிலும் வயநாட்டிலும் பெய்தால். பார்க்க வேண்டிய வரைபடம் அது.

அப்புறம், அக்டோபரில் ஒரு தடவை படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. வியாழன்தோறும் நான்கு வாரங்களுக்கான கணிப்பு வருகிறது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் வானிலை அறிவுரை வருகிறது. மேக்தூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். இன்று யூரியா போடலாமா, மருந்து அடிப்பதை இரண்டு நாள் தள்ளலாமா என்பதற்கு விடை அங்கேதான் கிடைக்கும்.