1920களில் அக்கா, தங்கை கதை எழுதப்போகிறீர்களா? முதலில் வருடத்தை முடிவு பண்ணுங்கள்

சிங்கப்பூரின் தேக்காவில் வாழ்ந்த ஓர் அக்கா, தங்கையைப் பற்றிப் போன வருடம் குறுநாவல் எழுதினேன். முதல் வரைவில் பாதியைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

படி 1: ‘1920கள்’ என்றால் போதாது. மாதமும் வருடமும் வேண்டும். கூகுள் ஷீட்டில் மூன்று பத்தி: ஊர், அக்கா, தங்கை. கதை எழுதுவதற்கென்றே விற்கும் செயலிகள் எனக்குச் சரிப்படவில்லை. இருவர் வயதும் ஒரே வரியில் கண்ணில் படவேண்டும்.

படி 2: சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜிக்குப் போங்கள், இலவசம். ‘தமிழ்ப் பெண்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அப்புறம் ‘கிளிங்’ (Kling) என்றும் தேடுங்கள். நம்மவர்களை அன்று அப்படித்தான் எழுதினார்கள். வலிக்கிற சொல்தான். கதையில் அதை யார் வாயில் வைக்கிறீர்கள் என்று யோசித்து வையுங்கள்.

படி 3: நான் இடறிய இடம் இது. அக்காவுக்கு 1923இல் பிரசவம், தங்கைக்கு 1925இல். இரண்டையும் கண்டாங் கிர்பாவ் மருத்துவமனையிலேயே எழுதிவிட்டேன். ஆனால் அது இலவசப் பிரசவ மருத்துவமனை ஆனது 1924 அக்டோபர் 1 அன்றுதான், 30 படுக்கைகளோடு. அப்படியானால் அக்கா எங்கே பெற்றாள்? கடை மாடி அறையில், பாயில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில். மருத்துவச்சிக்கு வெந்நீர் எடுத்துக் கொடுத்தவள் தங்கை. இரண்டு வருடம் கழித்து அவளே இரும்புக் கட்டிலில் படுத்திருக்கிறாள். தூக்கத்தில் கை கீழே போய்ப் பாயைத் தேடுகிறது. அந்த ஒரு தேதியைச் சரிபார்த்த பிறகுதான் கதையே எனக்குப் பிடிபட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு வருட இடைவெளி, வேறு வேறு பிரசவம். உங்கள் கதையிலும் இருவருக்கும் நடுவே விழுகிற ஒரு தேதியைத் தேடுங்கள்.

படி 4: சொற்கள். டாலர் வேண்டாம், வெள்ளி. கடை முன் நடைபாதை அஞ்சடி. ரப்பர் தோட்டம் கித்தாத் தோட்டம்.

பின்சேர்க்கை: ‘1923இல் வந்த தங்கை எப்படி ரஜூலா கப்பலில் ஏறினாள்?’ என்று ஒரு வாசகி கேட்டார். தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றி வந்த கப்பல் அது. சரியான கேள்வி. ரஜூலா ஓடத் தொடங்கியதே 1926இல்தான். கப்பல் பெயரை எடுத்துவிட்டேன்.

இன்னொருவர் தமிழ் முரசைச் சுட்டிக்காட்டினார். அது 1935இல் வந்த பத்திரிகை, என் கதையின் அக்காவோ 1926இலேயே அதைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை மாற்றி எழுதினேன். இப்போது சாமான் மடித்து வந்த பழைய சுதேசமித்திரன் தாளைத் தங்கை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். அக்கா புளி கரைத்தபடியே கேட்கிறாள். பாதிச் செய்தியில் தாள் கிழிந்திருக்கிறது.