மின்தடை மட்டும் உள்ள ஏசி (மாறுதிசை மின்னோட்ட) சுற்று: எங்கே தவறுகிறோம்?

"சராசரி மின்னோட்டம் சுழி. ஆகவே திறனும் சுழி." பிளஸ் டூ விடைத்தாளில் இந்த வரியைப் பார்த்தால் மனசு கேட்காது. முதல் பாதி சரிதானே! அலையின் ஒரு முழுச் சுற்றில் மின்னோட்டம் எவ்வளவு முன்னே போகிறதோ அவ்வளவே பின்னே வருகிறது, கூட்டினால் சுழிதான். ஆனால் சூடாகும் கம்பிக்குத் திசை ஒரு பொருட்டே இல்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள்: முன்னே தள்ளினாலும் சூடு, பின்னே இழுத்தாலும் சூடு. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கப்படுத்தினால் எதிர்க்குறி போய்விடும். அந்த வர்க்கத்தின் சராசரிக்கு வர்க்கமூலம் கண்டால் கிடைப்பதே ஆர்.எம்.எஸ். மதிப்பு.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதும் இந்த மதிப்புதான். அதை உச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உச்சம் வேண்டுமானால் 1.414 ஆல் பெருக்க வேண்டும்: 325 வோல்ட்.

1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் 4.35 ஆம்பியர், தடை ஏறத்தாழ 53 ஓம். மின்னோட்டத்தின் உச்சம் 6.15 ஆம்பியர். இரண்டு உச்சங்களையும் பெருக்கி 2000 வாட் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அது ஒரு கணத்தின் திறன் மட்டுமே. திறன் சுழிக்கும் 2000 வாட்டுக்கும் இடையே ஏறி இறங்குகிறது; சராசரி 1000. வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் நொடிக்கு 50 சுற்று; ஆனால் திறன் ஏறி இறங்குவது 50 முறை அல்ல, 100 முறை. ஒவ்வோர் அரைச்சுற்றுக்கும் ஒரு மேடு உண்டல்லவா?

வரைபடத்தில் வரும் பிழைக்கு 'தடை' என்ற சொல்லே காரணமோ என்று எனக்குத் தோன்றும். தடுப்பதால் மின்னோட்டம் தாமதமாக வரும் என்று நினைத்து, அதன் அலையைச் சற்று வலப்பக்கம் தள்ளி வரைகிறார்கள். மின்தடை மின்னோட்டத்தின் அளவைக் குறைக்கும், தாமதப்படுத்தாது. மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் அதே கணத்தில் மின்னோட்டமும் கடக்கும், உச்சத்தையும் சேர்ந்தே தொடும். ஒரே கட்டம் என்பது இதுதான். அலைகளின் உயரம் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று வோல்ட், மற்றது ஆம்பியர். அதிர்வெண் மாறினாலும் தடை மாறாது என்பதால், விடையில் அதிர்வெண் நுழைந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆய்வகத்தில் ஓர் எச்சரிக்கை. 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் சுமார் 40 ஓம்தான் காட்டும். கணக்குப்படி 529 ஓம் வர வேண்டுமே என்று மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போதுதான் அதன் தடை 529 ஓமுக்கு உயரும்.