சுரங்கச் சாலையில் தீ என்றால் வண்டியை விட்டு இறங்குங்கள்

சுரங்கச் சாலைக்குள் முன்னால் ஒரு வண்டி எரிந்தால், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். 1999-இல் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கச் சாலைத் தீயில் இறந்த 39 பேரில் பலர் தங்கள் வண்டிக்குள்ளேயே இருந்தவர்கள்.

எஞ்சினை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உடனே இறங்குங்கள். பை, பெட்டி எடுக்க நிற்க வேண்டாம். ஒருவழிச் சுரங்கத்தில் கூரை மின்விசிறிகள் பொதுவாகப் புகையை வண்டிகள் போகும் திசையில்தான் தள்ளும். அதனால் தீக்குப் பின்னால் நிற்பவர்கள் வந்த வழியே திரும்பி நடப்பது நல்லது. இடையில் அவசரக் கதவு தெரிந்தால் அதற்குள் போய்விடுங்கள். புகை சூழ்ந்துவிட்டதா? குனிந்து, சுவரைத் தொட்டபடி நடங்கள்.

அப்புறம், தகவல் சொல்ல கைப்பேசியைவிடச் சுவரிலுள்ள அவசரத் தொலைபேசி மேல். எங்கிருந்து அழைக்கிறீர்கள் என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும்.