பனி மூடிய மலையில் நாயுடன் வெயில் நாள் நடை: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

பனி பெய்து ஓய்ந்த மறுநாள், மேகமற்ற வானமும் வெயிலுமாக மலை பளிச்சிடும்போது, நடப்பதற்கு இதைவிட எளிய நாள் கிடைக்காது என்றே தோன்றும். உண்மையில் அந்த வெயிலே நம்மை ஏமாற்றக்கூடியது. குளிரெடுத்தால் நாம் வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். நாயோ உற்சாகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே இந்த விளக்கத்தின் பெரும்பகுதி நாயின் உடலைக் கவனிப்பது பற்றியதாகவே இருக்கும்.

படி 1: நாய் தயாரா என்று பாருங்கள்.
குட்டிகளும், வயதான நாய்களும், குட்டை முடியோ குட்டைக் கால்களோ உடைய நாய்களும் விரைவில் குளிர்ந்துவிடும். அத்தகைய நாய்க்கு மேலங்கி அணிவித்து, முதல் நடையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

படி 2: பாதையையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்.
மலை நடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க, 1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: சுமார் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். கால் புதையும் பனியில் இது இருமடங்காகவும் ஆகலாம் என்பதால், கணக்கிட்ட நேரத்தை நம்பிப் பிற்பகலில் கிளம்பாதீர்கள். குளிர்காலப் பகல் குறுகியது. காலையிலேயே தொடங்கி, உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் இன்ன மணிக்குத் திரும்புவது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள்.

பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் நிகழ்கின்றன. புதுப் பனி இன்னும் இறுகாத நிலையில் வெயிலும் அதைத் தளர்த்துவதால், பனிப்பொழிவுக்குப் பிந்தைய முதல் வெயில் நாளே ஆபத்து மிகுந்த நாளாகவும் அமையக்கூடும். நீங்கள் நடக்கும் பாதை சமமாக இருந்தால் மட்டும் போதாது, அதற்கு மேலே செங்குத்தான சரிவு எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் பகுதிக்கான பனிச்சரிவு எச்சரிக்கையை அன்று காலையில் படித்துவிட்டே புறப்படுங்கள்.

படி 3: பையை நிரப்புங்கள்.
உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். அடிவாரத்து வெயிலை வைத்து உடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புதுப் பனி தன்மேல் விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்புவதால், உங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம் தேவை. தலைவிளக்கு, காலணியில் மாட்டும் இரும்பு முட்கள், நாய்க்கான தீவனம், துண்டு, சிறு போர்வை ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் கைப்பேசியின் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், அதைப் பையில் போடாமல் உடலோடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள்.

படி 4: பாதங்களைத் தயார்செய்யுங்கள்.
புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். நாயின் விரல்களுக்கிடையே வளர்ந்திருக்கும் முடியில் பனி ஒட்டி, உருகி, மீண்டும் உறைந்து, கூழாங்கற்களைப் போன்ற உருண்டைகளாகிவிடும். ஒவ்வோர் அடியிலும் அவை விரல்களை அகற்றி அழுத்துவதால் நாய் நொண்டத் தொடங்கும். முந்தைய நாளே அந்த முடியைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிட்டு, புறப்படும்போது நாய்ப் பாதங்களுக்கான மெழுகுக் களிம்பைத் தடவுங்கள். நாய்க் காலணி இன்னும் சிறந்தது. ஆனால் அதை முதன்முறையாக மலையில் மாட்டாதீர்கள், வீட்டிலேயே சில நாள் பழக்குங்கள். முதல் தடவை மாட்டும்போது எந்த நாயும் கொக்கைப் போலக் காலைத் தூக்கித் தூக்கித்தான் நடக்கும். அதைப் பார்த்துச் சிரிக்கலாம், கழற்றிவிடக் கூடாது.

படி 5: நடக்கும்போது கவனியுங்கள்.
வாரைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள். மலைமுகட்டின் ஓரத்தில் காற்று குவித்த பனி, அடியில் தாங்கல் ஏதுமின்றி வெளியே நீண்டிருக்கும். பார்வைக்குத் தரையைப் போலவே இருக்கும் அந்த விளிம்பு, மிதித்தால் உடைந்து விழும். அங்கும், உறைந்த ஏரிகளின் அருகிலும் நாயை அவிழ்த்துவிடவே கூடாது. இறக்கத்தில் நாய் இழுத்தால் நீங்கள் சறுக்குவீர்கள். எனவே அதை உங்களுக்குப் பின்னால் வரப் பழக்குங்கள்.

படி 6: அரை மணிக்கொரு முறை நில்லுங்கள்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு பாதங்களையும் தொட்டுப் பார்த்து, பனி உருண்டைகளைக் கையால் உருக்கி எடுங்கள். நாய் பனியைத் தின்கிறதே என்று தண்ணீர் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். பனி உடலைக் குளிர்விக்குமேயன்றித் தாகத்துக்குப் போதாது. நாய் நடுங்கினாலோ, கால்களை மாற்றி மாற்றித் தூக்கினாலோ, நடக்காமல் நின்றுவிட்டாலோ, உச்சி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அங்கிருந்தே திரும்புங்கள்.

படி 7: இறங்கிய பின்.
சாலையில் பனி உருகத் தூவிய உப்பு பாதங்களை எரிக்கும். நாய் அதை நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். எனவே வெதுவெதுப்பான நீரில் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, வெடிப்பு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையில் நாய் எழுந்து நடக்கும் விதத்தையும் கவனியுங்கள். விறைப்போடு நடந்தால், அடுத்த நடையைப் பாதித் தூரமாகக் குறைத்துத் திட்டமிடுங்கள்.