உங்க புக்கு பிடிஎஃப்பா டெலிகிராம்ல சுத்துதா? திட்டுறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க

என்னோட ரெண்டாவது நாவல் வந்து நாலு மாசம்கூட ஆகல, "அண்ணே இது உங்க புக்குதானே"ன்னு ஒரு தம்பி டெலிகிராம் லிங்க் அனுப்பினான். தொறந்து பாத்தா மொத்த புக்கும் இருக்கு, போன்ல பக்கம் பக்கமா போட்டோ புடிச்சு பிடிஎஃப் ஆக்கியிருக்காங்க, 43ஆம் பக்கத்துல யாரோட கட்டைவிரலோ நகத்தோட தெரியுது, அதவிட கொடுமை முதல் பக்கத்துல "அன்புடன்"னு நான் போட்ட கையெழுத்தும் அப்படியே இருக்கு. புக் ஃபேர்ல என்கிட்டயே சிரிச்சுப் பேசி வாங்கிட்டுப் போன காப்பி! ஆத்திரத்துல அன்னிக்கு ராத்திரியே அட்மினுக்கு நாலு வரி காட்டமா போட்டேன். காலைல சேனலயே காணோம், ரெண்டு நாள்ல வேற பேர்ல மொளச்சிருச்சு, என் கையில ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட இல்ல.

அதனால மொதல்ல ஆதாரம், அப்பறம்தான் வாய். சேனல் பேரு, எத்தன பேர் இருக்காங்க, எந்தத் தேதியில போட்டாங்க, எத்தன பேர் பாத்திருக்காங்கன்னு எல்லாம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. சேனல் லிங்க் மட்டும் பத்தாது, அந்த மெசேஜ அழுத்திப் புடிச்சா காப்பி லிங்க்னு வரும், ஒவ்வொரு மெசேஜுக்கும் தனித்தனியா எடுத்து வைங்க. மேல "ஃபார்வர்டட் ஃப்ரம்"னு இருந்தா அந்தப் பேர தொட்டுப் பாருங்க, பல நேரம் அதுதான் மூல சேனலு. அந்த ஃபைலயும் டவுன்லோட் பண்ணி தொடாம வச்சிருங்க, பேர்கூட மாத்தாதீங்க, நாளைக்கு கோர்ட்டு கேஸுன்னு போனா அதுதான் வேணும்.

அடுத்து, ஃபைல எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப உரிமை யாருக்குன்னு பாக்கணும். நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு இங்கதான் கோட்ட விடுறாங்க. பதிப்பகத்தோட போட்ட அக்ரிமெண்ட்ட தேடி எடுங்க. உரிமைய எழுதி மாத்திக் குடுத்திருந்தா அவங்கதான் புகார் குடுக்கணும். எத்தன வருஷத்துக்குன்னு அதுல போடலன்னா சட்டப்படி 5 வருஷம்தான் கணக்கு, எந்த ஊருக்குன்னு போடலன்னா இந்தியா மட்டும்தான். எழுத்துல எதுவுமே இல்ல, வாய்ப்பேச்சுதான்னா உரிமை மாறவே இல்ல, அது உங்ககிட்டயேதான் இருக்கு. "காப்பிரைட் ரெஜிஸ்டர் பண்ணலயே"ன்னு பயப்படாதீங்க, இங்க பதிவு கட்டாயம் கிடையாது, எழுதி முடிச்சதுமே உரிமை வந்துருது. ஆனா 500 ரூபா கட்டி பதிவு பண்ணி வச்சா போலீஸ்ல பேசுறப்ப ஒரு கெத்து, நான் அதுக்கப்பறம்தான் பண்ணேன்.

இப்ப டெலிகிராம். டிஎம்சிஏ அட் டெலிகிராம் டாட் ஆர்க்னு ஒரு மெயில் ஐடி இருக்கு, அதுக்கு எழுதுங்க. புக்கு பேரு, நீங்க யாரு, அட்டைப்படமும் காப்பிரைட் பக்கமும், எடுத்து வச்ச மெசேஜ் லிங்குங்க, "இதுக்கு நான் அனுமதி குடுக்கல, சொன்னதெல்லாம் உண்மை"ன்னு ஒரு வரி, கடைசியில முழுப் பேரு, போதும், சோகக் கத வேணாம். பப்ளிக் சேனல்னா எடுப்பாங்க, பிரைவேட் குரூப்புல கை வைக்க மாட்டோம்னு அவங்களே ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. கூகுள் தேடல்ல அந்த ஃபைல் வந்தா அத தூக்கச் சொல்ல தனி ஃபார்ம் இருக்கு, அதுல தேடல் பக்கத்தோட லிங்க குடுக்காதீங்க, ஃபைல் இருக்குற பக்கத்தோட லிங்க குடுங்க. கூகுள் தேடல்ல இருந்துதான் தூக்கும், அந்த சைட்டுல ஃபைல் அப்படியே கெடக்கும், ரெண்டும் வேற வேற வேல. இன்னொண்ணு, கூகுளுக்கு அனுப்புற நோட்டீஸ் லூமென்ங்கிற தளத்துல பொதுவுல வரும், புனைபேர்ல எழுதுறவங்க பதிப்பகம் மூலமா அனுப்புறது நல்லது.

நம்ம ஊரு சட்டத்துலயும் ஒரு வழி இருக்கு. 1957 காப்பிரைட் சட்டம், 2013 விதிகள்படி நீங்க எழுத்துல புகார் குடுத்தா அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள்ள அத முடக்கணும். கேக்க ஜோரா இருக்கும், ஆனா போட்டவன் மேல கேஸ் போடுறேன்னு நீங்க உறுதி குடுக்கணும், 21 நாளைக்குள்ள கோர்ட்டு ஆர்டர் கொண்டு வரலன்னா அவங்க திரும்ப திறந்து விடலாம். வக்கீல் செலவுக்குத் தெம்பு இருந்தா மட்டும் இதுல எறங்குங்க. "டெலிகிராம்ல ஆளையே கண்டுபிடிக்க முடியாதே"ன்னு சொல்லாதீங்க, 2022ல ஒரு கோச்சிங் டீச்சர் போட்ட கேஸுல டெல்லி ஹைகோர்ட் சேனல் அட்மினுங்க போன் நம்பர், ஐபி அட்ரஸ் எல்லாம் குடுன்னு சொல்லி, டெலிகிராமும் குடுத்துச்சு.

போலீஸுக்குப் போகணும்னா மாவட்ட சைபர் க்ரைம் ஸ்டேஷன், இல்ல நேஷனல் சைபர் க்ரைம் போர்ட்டல். 1930க்கு அடிக்காதீங்க, அது பணம் பறிபோனவங்களுக்கு. "இதெல்லாம் சிவில் மேட்டர் சார், கோர்ட்டுக்குப் போங்க"ன்னு தள்ளி விட்டா, காப்பிரைட் சட்டம் பிரிவு 63 குற்றம் போலீஸே நேரா எஃப்ஐஆர் போடுற குற்றம்னு 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குன்னு மரியாதையா எடுத்துச் சொல்லுங்க. தண்டனை 6 மாசத்துல இருந்து 3 வருஷம், அபராதம் 50,000த்துல இருந்து 2 லட்சம். குண்டாஸ்ல போடலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, 2004ல அதுல சேத்தது சினிமா திருடுற வீடியோ பைரசி ஆளுங்கள, நம்ம புக்குக்கு அந்த யோகம் இல்ல.

எல்லாரையும் தொரத்தாதீங்க, பைத்தியம் புடிச்சிரும். சேனல்ல விளம்பரம் ஓடுதா, 99 ரூபா கட்டுனா மொத்த லைப்ரரின்னு வசூல் பண்றானா, அவன்தான் உங்க ஆளு. காசு லாபத்துக்காக பண்ணலன்னா கோர்ட் தண்டனைய கொறைக்கலாம்னு சட்டமே சொல்லுது. 200 பேர் இருக்குற வாசிப்புக் குரூப்புன்னா ஆதாரம் எடுத்து வச்சுட்டு "தம்பி, இது நான் எழுதுனது, எடுத்துருங்க"ன்னு தன்மையா கேட்டா பெரும்பாலும் எடுத்துருவாங்க. வாட்ஸ்அப்ல ஓடுறதுக்கு நானும் ஒண்ணும் பண்ணல.

தேடுறப்ப ஒரு விஷயம், ஸ்கேன் பண்ண ஃபைலுக்குள்ள இருக்குற வரி பெரும்பாலும் தேடல்ல சிக்காது, ஃபைல் பேர வச்சுத்தான் புடிக்கணும், அதயும் தங்கிலீஷ்ல ஆளுக்கொரு ஸ்பெல்லிங்ல போடுவாங்க. என் நாவலுக்கு மட்டும் நாலு ஸ்பெல்லிங் எழுதி வச்சிருக்கேன், மாசம் மொத ஞாயித்துக்கிழமை டீ போட்டுட்டு உக்காந்து நாலையும் அடிச்சுப் பாப்பேன். போன மாசம் அஞ்சாவதா ஒண்ணு சிக்குச்சு, தொறந்தா அதே கட்டைவிரல்.